பட்டாம்பூச்சிக்குள்ளே ஒரு சீட்

திண்டிவனத்துல பஸ் ஏறி இன்டர்வியூவுக்குக் கிளம்பறவங்களுக்கு சிறுசேரி டி.சி.எஸ். வளாகம் ஒரு கனவு. உருகுவேயில் பிறந்த ஆர்க்கிடெக்ட் கார்லோஸ் ஓட் வடிவமைச்ச பட்டாம்பூச்சிக் கட்டடங்கள். சூப்பர்தான். ஆனா, பட்டாம்பூச்சி தெரியறது மேலே பறக்கிறவருக்கு! உள்ளே இருக்கிற உங்களுக்குத் தெரியறது மானிட்டர், பக்கத்து சீட், அதிர்ஷ்டம் இருந்தா ஒரு ஜன்னல்.

பொதுவாவே நம்ம ஊர் வெயிலுக்குக் கண்ணாடிச் சுவர் சோதனைதான். சாயங்கால வெயில் உள்ளே புகுந்து, வெளியேற வழியில்லாம சுடும். உடனே திரையை இழுத்து மூடிட்டு, பட்டப்பகல்ல டியூப்லைட்! ஏ.சி.க்கு நேர் கீழே இருக்கிறவர் ஸ்வெட்டர் போடுவார், கண்ணாடி ஓரத்துல இருக்கிறவர் கர்ச்சீஃப் தேடுவார்.

இப்போ விழுப்புரம் மாவட்டத்துக்கே மினி டைடல் பார்க் வந்தாச்சு. வானூர் தாலுகா திருச்சிற்றம்பலத்துல, 63,000 சதுர அடி, தரைத்தளமும் நாலு மாடியும். 2024 பிப்ரவரியில் திறந்தாங்க. 'சென்னை ஹாஸ்டலா, வேணவே வேணாம்'னு வீட்ல தடுக்கிற பொண்ணுங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்!

அங்கிருந்து சில கிலோமீட்டர்லதான் ஆரோவில் பார்வையாளர் மையம். அழுத்திச் செஞ்ச மண் கல்லுல கட்டினது, 1992-ல் ஹசன் ஃபாத்தி விருது வாங்கினது. ஏப்ரல் வெயில்ல போய் அந்த நிழல்ல நின்னு பாருங்க. அடுத்த ஆபீஸ் கட்டறவங்களும் ஒரு எட்டு பார்த்துட்டு வரலாம்.

இன்டர்வியூ முடிவுல "எனி கொஸ்டின்ஸ்?"னு கேட்பாங்கல்ல... "என் சீட்டுல இருந்து ஜன்னல் எவ்ளோ தூரம் சார்?"னு கேளுங்க. சிரிச்சா சிரிக்கட்டும், உட்காரப் போறது நீங்கதானே!