கைத்தடிக்கு ஓராண்டு ஆய்வா?

முதியோருக்கான உதவிக் கருவிகளை ஆராய ஓர் இளைஞர் ஒரு முழு ஆண்டைத் தன்னார்வமாகக் கொடுக்கிறார் என்று கேட்டதும், பலருக்கு ரோபோவும் செயற்கை நுண்ணறிவும் கண்முன் வந்து நிற்கும். உண்மையில் இந்தத் துறையின் பெரும்பகுதி கைத்தடி, மூக்குக்கண்ணாடி, காது மிஷின், வாக்கர், கழிப்பறைச் சுவரில் பதிக்கும் பிடிகம்பி ஆகியவைதான். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட முன்னுரிமைப் பட்டியலில் 50 பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் கைத்தடியும் உண்டு, வேளை பார்த்து மாத்திரை பிரித்து வைக்கும் சின்னப் பெட்டியும் உண்டு. அந்நிறுவனமும் யுனிசெஃப்பும் 2022-ல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, இப்படி ஏதாவது ஒரு பொருளாவது தேவைப்படுவோர் உலகில் 250 கோடிக்கு மேல். 2050-ல் இது 350 கோடியாகும். ஏழை நாடுகள் சிலவற்றில், தேவையுள்ளவர்களில் 100-க்கு 3 பேருக்குத்தான் அது கிடைக்கிறது.

சரி, கைத்தடியில் ஆராய என்ன இருக்கிறது, வாங்கிக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேட போனக்காட்டை எடுத்துக்கொள்வோம்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுரா ஊராட்சியில், மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் இருக்கும் பழைய தேயிலைத் தோட்டம் அது. 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்கு நடைப்பயணம் போகிறவர்கள் இங்கிருந்துதான் ஏறுகிறார்கள். 'பேய் பங்களா' என்று பெயர்பெற்ற கட்டடத்தைப் படம்பிடிக்க கேமராவுடன் வருகிறவர்கள் இன்னொரு கூட்டம். தோட்டத்துத் தொழிற்சாலை முடங்கி, சம்பளமும் பணிக்கொடையும் பாக்கி நின்ற பிறகும் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளிலேயே தங்கிவிட்ட வயதானவர்களைப் பார்க்க யாரும் கேமரா எடுத்து வருவதில்லை. பேய்க்கு இருக்கும் மவுசு அவர்களுக்கு இல்லை. ஆயுள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து கிள்ளிய, மூட்டை சுமந்த தலைமுறை அது. முழங்காலும் இடுப்பும் என்ன கதியில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு அரசின் திட்டம் இல்லாமல் இல்லை. 2017 ஏப்ரல் 1 அன்று நெல்லூரில் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது கடந்தோருக்கு ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி, காது மிஷின், கண்ணாடி, பல்செட் ஆகியவற்றை இலவசமாகத் தருகிறது. கருவிகளைச் செய்து தருவது கான்பூரின் அலிம்கோ நிறுவனம். முகாம் போட்டு அளவெடுப்பார்கள், பிறகு இன்னொரு முகாமில் வழங்குவார்கள். நல்ல திட்டம். ஆனால் முகாம் நடப்பது சமதரையில், ஒரே நாளில். கருவி உழைக்க வேண்டியதோ லயத்தில், ஆண்டு முழுக்க.

இந்த இடைவெளியைப் பற்றி அமெரிக்காவில் ஃபிலிப்ஸ், ஷாவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. உடற்குறைபாடுள்ள 227 பேரிடம் கேட்டதில், பெற்ற கருவிகளில் 29.3 சதவீதம் முற்றாகக் கைவிடப்பட்டிருந்தன. அவர்கள் கண்ட காரணங்கள் நான்கு: பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்காதது, கருவி சரியாக வேலை செய்யாதது, ஆளின் தேவையே மாறிவிடுவது, நான்காவதாகக் கருவி சுலபமாகக் கிடைத்துவிடுவது. கடைசிக் காரணம் விசித்திரமாகத் தோன்றும். யோசிக்காமல் கிடைத்தது யோசிக்காமல் மூலைக்குப் போகிறது என்பதுதான் அதன் பொருள். இன்னொன்றையும் கண்டார்கள்: கைவிடுதல் அதிகம் நடப்பது முதல் ஆண்டிலும், பிறகு ஐந்தாண்டு கடந்த பின்னும். முதல் ஆண்டு முழுவதும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

அப்படி இருந்தால் என்ன தெரியவரும்? ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. இரண்டும் இந்த மலையை நனைக்கும். படிக்கல்லில் பாசி ஏறும். கைத்தடியின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டால், ஊன்றுகோலே வழுக்கும்கோலாகிவிடும். புஷ் மாற்றினால் போதும், ஆனால் அந்த அளவு புஷ் எந்தக் கடையில் கிடைக்கும்? நான்கு கால் வாக்கரை இரண்டு முற்றங்களுக்கு நடுவில் இருக்கும் படியில் வைத்தால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். நெளிந்த சரிவில் அது உதவியே இல்லை, ஆபத்து. தடியின் உயரம் நின்ற நிலையில் மணிக்கட்டு மட்டத்துக்கு இருக்க வேண்டும், வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்பதைக்கூட யாரும் இரண்டாம் முறை சொல்லித் தருவதில்லை. முகாமில் ஒருமுறை சொன்னது நெரிசலில் போய்விடும்.

காது மிஷினின் கதை இன்னும் சிக்கலானது. அதற்குப் போடும் பொத்தான் பேட்டரி பெரும்பாலும் துத்தநாகக் காற்று வகை. மேலே ஒட்டிய தாளை உரித்ததும் காற்று பட்டு வேலையைத் தொடங்கிவிடும். மிஷினைப் போட்டாலும் போடாவிட்டாலும் சில வாரங்களில் தீரும். மலைக்காற்றின் ஈரம் மிஷினுக்குள் இறங்கினால் சத்தம் கரகரக்கும். 'இதைப் போட்டா தலைவலி வருது' என்று கழற்றி வைத்தவரின் குறை காதில் இல்லாமல் ஈரத்தில் இருக்கக்கூடும். காட்டுயானையும் காட்டெருமையும் நடமாடும் இடத்தில், பின்னால் கேட்கும் சத்தம் உயிர்ப் பிரச்சினை. மொழிச் சிக்கலும் உண்டு. தமிழ் பேசி வளர்ந்த பாட்டிக்கு மலையாளச் சொற்களைக் கேட்கவைத்துக் கேள்திறன் சோதித்தால், அவர் தவறவிட்டது ஒலியையா சொல்லையா என்று பிரித்தறிய முடியாது.

இதையெல்லாம் ஒருமுறை போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. கருவி எப்படி இருக்கிறது என்று கேட்டால், 'நல்லாத்தான் இருக்கு தம்பி' என்பார்கள். வந்தவர் மனம் நோகக் கூடாது என்பது தோட்டத்து மரியாதை. அதனால் ஆய்வாளர் கேட்க வேண்டியது வேறு: 'பாட்டி, அந்தத் தடி இப்ப எங்க இருக்கு?' கட்டிலருகே இருந்தால் ஒரு கதை, பரணில் இருந்தால் வேறு கதை. கருவி தந்த முதல் வாரம், மூன்றாம் மாதம், மழை தீர்ந்த பின், ஆண்டு முடிவில் எனத் திரும்பத் திரும்பப் போய் இதே கேள்வியைக் கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் ஆய்வு.

ஆய்வு என்று வந்துவிட்டால் விதிகளும் வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் பெறும்போது சார்பற்ற சாட்சி இருக்க வேண்டும். கருவி தருகிறோம் என்ற ஆசை காட்டிச் சம்மதம் வாங்கக் கூடாது. ஆய்வில் சேர மறுத்தவருக்கும் தடி கிடைக்க வேண்டும். தன்னார்வலர் தனியாக இதைச் செய்ய முடியாது, ஒரு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். 1997-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட நிஷ் என்னும் தேசியப் பேச்சு, கேள்திறன் நிறுவனம் ஆக்குளத்தில், மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 2008-ல் வலிதணிப்புச் சிகிச்சைக்கென்று கொள்கை வகுத்த கேரளத்தில், ஊராட்சிகளின் வீட்டுச் சிகிச்சைக் குழுக்கள் ஏற்கெனவே வாசல்படி ஏறிக்கொண்டிருக்கின்றன. அவர்களோடு போவதே முறை.

ஓராண்டில் புதிய கருவி ஒன்றைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். சென்னை ஐஐடியின் டிடிகே மறுவாழ்வு ஆய்வு மையத்தில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் குழு 2019-ல் வெளியிட்ட, அமர்ந்தவரை எழுப்பி நிறுத்தும் 'அரைஸ்' சக்கர நாற்காலி பல ஆண்டு உழைப்பில் வந்தது. தன்னார்வலரின் வேலை அப்படிப்பட்ட குழுவுக்கு, எங்கே எது ஏன் தோற்கிறது என்ற நம்பகமான குறிப்பைத் தருவது.

இப்படி ஓராண்டைக் கொடுக்க ஓர் ஏற்பாடும் வேண்டும். ஜெர்மனியில் 1964-லேயே தன்னார்வச் சமூக ஆண்டுக்குச் சட்டம் வந்தது. அதன் வழியில் ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகம், பள்ளி முடித்த இளைஞர்களை ஆய்வுக் குழுக்களில் சேர்த்துக்கொள்ளும் 'தன்னார்வ அறிவியல் ஆண்டை' நடத்துகிறது. கைச்செலவுப் பணமும் காப்பீடும் உண்டு. நம் என்எஸ்எஸ் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்கிறார். ஒரு பருவமழையைப் பார்க்கவும் அது போதாது. எஸ்பிஐயின் 'யூத் ஃபார் இந்தியா' திட்டமோ 13 மாதம் கிராமத்தில் தங்கவைக்கிறது, உதவித்தொகையோடு. உதவித்தொகை இல்லாவிட்டால் இந்த ஆண்டைக் கொடுக்க வசதியான வீட்டுப் பிள்ளைகளால்தான் முடியும். லயத்தில் பிறந்த பேத்திக்கு முடியாது. பாட்டியின் தமிழும் அந்தப் படிக்கட்டும் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆண்டு முடிந்து தன்னார்வலர் இறங்கிப் போனபின் குறிப்பேடு யாரிடம் இருக்கும் என்பதை முதல் மாதமே முடிவு செய்துவிட வேண்டும். ஊராட்சியின் வலிதணிப்புச் செவிலியரிடம் ஒரு பிரதி, நிஷ் போன்ற பொறுப்பு நிறுவனத்திடம் ஒரு பிரதி. கூடவே விதுராவில் ஒரு மருந்துக்கடை, மூன்று அளவு ரப்பர் புஷ்ஷும் காது மிஷின் பேட்டரியும் எப்போதும் இருப்பு வைக்க ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கான பணம் ஊராட்சியின் முதியோர் நல ஒதுக்கீட்டில் எழுதப்பட வேண்டும்.