விமானம், ரயில், அணு ஆயுதம்... ஃப்ளாப்பி டிஸ்க்கை விட முடியாமல் தவிக்கும் அரசுகள்! என்ன காரணம்?

அமெரிக்காவின் விமானக் கட்டுப்பாட்டு மையங்களில் இனி ஃப்ளாப்பி டிஸ்க் இருக்காது, காகிதச் சீட்டும் இருக்காது. எஃப்.ஏ.ஏ எனப்படும் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் அப்போதைய பொறுப்புத் தலைவர் கிறிஸ் ரோஷலோ, 2025 ஜூனில் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு முன்பு இப்படிச் சொன்னார். செய்தியைப் பார்த்த பலருக்கும் எழுந்த முதல் கேள்வி: "என்னது, இன்னுமா அதை வச்சிருக்காங்க?"

ஆமாம். அமெரிக்கா மட்டுமல்ல, ஜப்பானும் அண்மைக்காலம் வரை வைத்திருந்தது.

ஃப்ளாப்பி என்பது என்ன?

ஐ.பி.எம் நிறுவனம் 1971-ல் அறிமுகப்படுத்திய முதல் ஃப்ளாப்பி, 8 அங்குல அகலம் கொண்டது. கொள்ளளவு சுமார் 80 கேபி. மெல்லிய பிளாஸ்டிக் வட்டின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சு இருக்கும். அதில் காந்தப் பதிவுகளாகத் தகவல் சேரும். பாட்டு கேசட்டின் நாடாவும் இதே முறையில்தான் வேலை செய்தது.

பிறகு 5.25 அங்குலம், 3.5 அங்குலம் என ஃப்ளாப்பி சுருங்கியது. பலரும் பார்த்திருக்கும் 3.5 அங்குல ஃப்ளாப்பியில் 1.44 எம்பி அடங்கும். இன்றைய போனில் எடுக்கும் ஒரு நல்ல போட்டோவுக்கே அந்த இடம் பத்தாது. இதை விற்றுவந்த சோனி நிறுவனமும் 2011-ல் ஒதுங்கிக்கொண்டது.

எங்கெல்லாம் இருந்தது?

அணு ஆயுதம்: அமெரிக்க அணு ஆயுதப் படைகளை ஒருங்கிணைக்கும் அமைப்பு, 1970-களின் ஐ.பி.எம் கம்ப்யூட்டரிலும் 8 அங்குல ஃப்ளாப்பியிலும் இயங்குவதாக ஜி.ஏ.ஓ என்ற அரசுத் தணிக்கை அமைப்பு 2016-ல் சொன்னது. அந்த ஃப்ளாப்பிகளுக்கு 2019-ல்தான் விடை கொடுத்தார்கள்.

ரயில்: சான் பிரான்சிஸ்கோ நகரின் சுரங்க ரயில் கட்டுப்பாட்டு அமைப்பு 1998-ல் நிறுவப்பட்டது. தினமும் காலையில் அதற்கான மென்பொருளை 5.25 அங்குல ஃப்ளாப்பியில் இருந்துதான் ஏற்றுகிறார்கள். அதை மாற்ற ஹிட்டாச்சி ரயில் நிறுவனத்துடன் 21.2 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு 2024 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. இந்திய மதிப்பில் சுமார் 1,780 கோடி ரூபாய்.

ஜப்பான்: இங்கே சிக்கல் சட்டத்தில் இருந்தது. அரசுக்குத் தரும் ஆவணங்களை ஃப்ளாப்பியில் தர வேண்டும் என்று விதிகளே சொல்லின. டிஜிட்டல் அமைச்சராக இருந்த தாரோ கோனோ 2022-ல் இதற்கு எதிராகக் களமிறங்கினார். 2024 ஜூனுக்குள் 1,034 விதிகள் நீக்கப்பட்டன. வாகன மறுசுழற்சி தொடர்பான ஒன்று மட்டும் மிஞ்சியது.

ஏன் மாற்றவில்லை?

சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. ஓடிக்கொண்டிருக்கிற வண்டியைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் மனசு வராது. விமானக் கட்டுப்பாட்டுக்கோ ரயில் சிக்னலுக்கோ ஒருநாள்கூட விடுமுறை விட முடியாது. பழைய அமைப்பு ஓடும்போதே புதியதைப் பக்கத்தில் நிறுவி, சோதித்து, பாதுகாப்புச் சான்று வாங்கி, பிறகுதான் மாற்ற வேண்டும். இதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. இணையத்தோடு தொடர்பே இல்லாத பழைய கம்ப்யூட்டருக்குள் தொலைவில் இருந்து ஹேக்கர் நுழைவது மிகக் கடினம். அணு ஆயுத அமைப்பில் இதை ஒரு பலமாகவே பார்த்தார்கள்.

அப்போ பிரச்சினை எங்கே?

ஃப்ளாப்பி நிரந்தரமானது இல்லை. படிக்கும் முனை வட்டில் உரசிக்கொண்டே ஓடுவதால் பூச்சு தேயும். காலப்போக்கில் காந்தப் பதிவும் மங்கும். மாற்ற உதிரி பாகம் கிடைப்பது அரிது. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள்.

எஃப்.ஏ.ஏ-வின் 138 விமானக் கட்டுப்பாட்டு அமைப்புகளில் 51 இனித் தாக்குப்பிடிக்காது, மேலும் 54 அந்த நிலையை எட்டலாம் என்று 2024 செப்டம்பரில் ஜி.ஏ.ஓ எச்சரித்தது. 2025 ஏப்ரலில் நியூவார்க் விமான நிலையத்துக்கு வரும் விமானங்களைக் கையாளும் மையத்தில் ரேடாரும் ரேடியோவும் சுமார் 90 விநாடிகள் செயலிழந்தன. அதற்குக் காரணம் தகவல் தொடர்பு இணைப்பில் வந்த கோளாறு, ஃப்ளாப்பி அல்ல. ஆனால் பழைய கருவிகளை நம்பியிருக்கும் ஒரு துறையில் அந்த 90 விநாடி எவ்வளவு நீளமானது என்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

கவனிக்க வேண்டியது என்ன?

சான் பிரான்சிஸ்கோ அமைப்பின் ஆயுள் 20 முதல் 25 ஆண்டுகள் என்பது நிறுவும்போதே தெரியும். அதாவது 2023-க்குள் மாற்றியிருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கிடைத்ததோ அதற்கு அடுத்த ஆண்டு. வேலை முழுசாக முடிய இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.

பழைய பொருளைப் பயன்படுத்துவது தவறில்லை. காலாவதி தேதி தெரிந்திருந்தும் மாற்றுவதற்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்காததுதான் தவறு. இன்று வாங்கும் புதிய கருவிகளும் ஒருநாள் ஃப்ளாப்பி நிலைக்கு வரும். அவற்றை எப்போது, எந்தப் பணத்தில் மாற்றுவது என்பதையும் இந்த ஒப்பந்தங்களிலேயே எழுதிவைத்தால்தான், அடுத்த தலைமுறை இதே கேள்வியைத் திரும்பக் கேட்காமல் இருக்கும்.