பேண்ட் பச்சையா எரிஞ்சா சரின்னு அர்த்தமா?

போன செமஸ்டர் ஹாஸ்டல் டே டி.ஜே. நைட்டுக்காக நாங்க நாலு பேர் சேர்ந்து நாற்பது ரிஸ்ட் பேண்ட் செஞ்சோம். ஒரு இ.எஸ்.பி.32, குட்டி லித்தியம் பேட்டரி, ஒரு எல்.இ.டி., ஒரு பட்டன். அவ்வளவுதான். பச்சைன்னா 'என்கூட ஆடலாம்', மஞ்சள்னா 'தெரிஞ்சவங்க மட்டும்', சிவப்புன்னா 'ஆளை விடுங்க'. ஐடியா எங்களோட சொந்தம் இல்ல. ஆட்டிசம் உள்ளவர்கள் கூடும் நிகழ்ச்சிகளில் இதே மூணு நிறத்தில் அட்டை மாட்டிக்கொள்ளும் வழக்கம் ரொம்ப நாளா இருக்கு. அங்கே அது பேச்சுக்கு. நாங்க டான்ஸுக்கு இழுத்துட்டு வந்தோம். கோல்ட்பிளே கச்சேரியில எல்லார் கையிலும் மினுக்குமே, அந்த மாதிரி ஒரு கெத்து கிடைக்கும்னு ஆசை வேற.

ஃபர்ம்வேர் எழுதினது நான். ஸ்விட்ச் ஆன் பண்ணதும் எந்த நிறம் எரியணும்? பச்சைன்னு வச்சேன். பெரிய காரணம் எதுவும் இல்ல. டேபிள் மேல நாற்பதும் பச்சையா எரிஞ்சப்போ போட்டோ சூப்பரா வந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி எங்க கிளாஸ் பொண்ணு ஒருத்தியோட கையைப் பிடிச்சு ஒரு சீனியர் நடு வட்டத்துக்கு இழுத்தார். வேணாம்னு சொன்னா. விடல. மறுநாள் அவ நேர்லயே போய்க் கேட்டப்போ வந்த பதில்: "நீ பச்சையில தானேம்மா இருந்த?" அவ அந்தப் பட்டனைத் தொடவே இல்லை. அவளுக்காகச் சரின்னு சொன்னது நான் எழுதின ஒரு வரி கோட்.

இது எங்க நாலு பேரோட முட்டாள்தனம் மட்டும் இல்ல. 2021 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் போலீஸ் கமிஷனர் மிக் ஃபுல்லர், பாலியல் உறவுக்கான சம்மதத்தைப் பதிவு செய்ய ஒரு ஆப் கொண்டு வரலாம்னு யோசனை சொன்னார். அழுத்தின பிறகு மனசு மாறினா? மிரட்டி அழுத்த வச்சா? கேள்விகள் உடனே கிளம்புச்சு. எங்க பேண்டுக்கும் அதே வியாதிதான்: ஒரு நிமிஷத்து நிலையைப் பிடிச்சு வச்சு, பிறகு சாட்சியாக் காட்டுது.

சரி, கருவியே இல்லாம இதை யாராவது ஒழுங்கா பண்ணியிருக்காங்களான்னு தேடினப்போ டேங்கோ கிடைச்சுது. பியூனஸ் அயர்ஸில் டேங்கோ ஆடக் கூடும் நிகழ்ச்சிக்கு மிலோங்கான்னு பேர். பழைய முறையில் நடக்கும் மிலோங்காவில் யாரும் நேரா போய்க் கையை நீட்டிக் கூப்பிடுறதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்வை. எதிரில் இருப்பவரும் பார்த்தா, சின்னதா ஒரு தலையசைப்பு. அதுக்குப் பேர் கபெசேயோ. அந்தப் பக்கமிருந்தும் தலை அசைஞ்சாதான் எழுந்து போகணும். இஷ்டம் இல்லையா, கண்ணை வேற பக்கம் திருப்பிக்கலாம். நெட்வொர்க்ஸ் பேப்பர்ல படிச்ச த்ரீ வே ஹேண்ட்ஷேக் மாதிரியேதான். என்ன, பதில் வரலைன்னா ரீட்ரை கிடையாது.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்சது, மறுப்பு அந்த ரெண்டு பேருக்குள்ளேயே முடிஞ்சுபோறது. ஆட ஆரம்பிச்ச பிறகும் வழி உண்டு. மூணு நாலு பாட்டு சேர்ந்தது ஒரு தாண்டா. வழக்கமா அது முடியுற வரைக்கும் ஒரே ஜோடி. நடுவுல ஒருத்தர் 'கிராசியாஸ்', அதாவது நன்றின்னு சொல்லிட்டா ஆட்டம் அதோட முடிஞ்சுது. (முதல் பாட்டு முடிஞ்சதும் மரியாதைக்காக நன்றி சொல்லிட்டு, ஜோடி ஏன் போயிட்டாங்கன்னு முழிக்கிற புது ஆட்கள் உண்டாம்.)

எங்க பேண்ட் இதுக்கு நேர் எதிர். சிவப்பு போட்டா ஹால் மொத்தத்துக்கும் தெரியும். "ரொம்ப சீன் போடுறா"ன்னு யாராவது சொல்வாங்கன்னு பயந்தே பாதிப் பேர் சிவப்பு போடல. ஒருத்தருக்கு மட்டும் போக வேண்டிய பதிலை நாங்க பிராட்காஸ்ட் பண்ண வச்சோம்.

அப்போ பேண்டைத் தூக்கிப் போட்டுட்டு கபெசேயோ பழகலாமா? நம்ம ஊர்ல பார்க்கிறதே ஒரு பிரச்சனை மக்களே. சைட் அடிக்கிறதை ஹாபின்னு சொல்ற கூட்டத்தில், எந்தப் பொண்ணு நிமிர்ந்து திரும்பிப் பார்ப்பா? அதனால ஏதோ ஒரு கருவிக்கு இன்னும் இடம் இருக்குன்னுதான் நினைக்கிறேன். ரெண்டு பேரும் அழுத்தினா மட்டும் ரெண்டு பேண்டும் அதிரட்டும்னு புளூடூத்தில் முயற்சி பண்ணோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை மனுஷ உடம்பே உறிஞ்சிடும். கூட்டத்தில் சிக்னல் அளவை வச்சு யார் பக்கத்துல யார்னு கண்டுபிடிக்க முடியல. கைவிட்டாச்சு.

இப்போ இருக்கிற டிசைனுக்கு முன்மாதிரி ரயில்வே. பழைய கை சிக்னலில் கம்பி அறுந்தா கை தானா 'நில்' நிலைக்குத் திரும்பும். அதே மாதிரி, புது பேண்ட் ஆன் பண்ணாலும் இருட்டாத்தான் இருக்கும். இருட்டுன்னா தொந்தரவு பண்ணாதே. பேட்டரி தீர்ந்தாலும் அதே அர்த்தம். பட்டனை அழுத்தினா மஞ்சள் மட்டும்: 'வந்து கேட்டுப் பாருங்க'. பத்து நிமிஷத்தில் தானா அணைஞ்சிடும். யார் எப்போ அழுத்தினாங்கன்னு எங்கேயும் சேமிக்கிறதில்லை. பச்சையே கிடையாது.

அவகிட்ட காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "அப்போ பேண்டே கட்டாம வந்தா?"ன்னு கேட்டா. அதுவும் இருட்டுதான்னேன். "இதை முதல்லயே யோசிச்சிருக்கலாம்ல டா"ன்னா. பதில் இல்ல என்கிட்ட.

கைடுக்கு இதில் திருப்தி இல்லை. ஒரே ஒரு கலரை வச்சுக்கிட்டு ரிவ்யூவில் என்னத்தைக் காட்டுவீங்கன்னு கேட்கிறார். வியாழக்கிழமை டெமோ. நாற்பது பேண்டும் இருட்டாத்தான் டேபிள் மேல இருக்கும். போட்டோ சுமாராத்தான் வரும்.