வாரண்டியா? பேரீச்சம்பழமா?

"அதான் வாரண்டில மாத்திக் குடுத்துட்டாங்கல்ல, அப்புறம் என்னப்பா உனக்கு?" இதை இனிமே யாராவது எங்கிட்ட சொன்னா கொலவெறி வந்துடும். மாத்திக் குடுத்தது என்ன, அதுக்கு எவ்வளவு நாள் பொறுப்பு? இந்த ரெண்டு கேள்வியை யாருமே கேக்கறதில்லை. மொத்த தில்லாலங்கடியும் அங்கதான் இருக்கு.

என் கதை சுருக்கமா. 4 டிபி ஹார்ட் டிஸ்க், 3 வருஷ வாரண்டி. 31-வது மாசம் டக் டக்னு சத்தம், ஆள் அவுட். சர்வீஸ் சென்டர்ல குடுத்தேன். 19 நாள் கழிச்சு வேற ஒண்ணு வந்துது, மேல 'ரீசர்ட்டிஃபைட்'னு ஸ்டிக்கரோட. அதாவது வேற யாரோ திருப்பிக் குடுத்ததைத் தட்டிக் கொட்டி, டெஸ்ட் பண்ணி என் தலையில கட்டறாங்க. "கம்பெனி பாலிசி சார்"னார் கவுண்டர்ல இருந்த தம்பி. அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? அது 38-வது மாசம் மண்டையைப் போட்டுது. போன் பண்ணினா, "வாரண்டி ஒரிஜினல் பில் தேதியிலேர்ந்துதான் சார், முடிஞ்சு போச்சு." கைக்கு வந்து ஆறேழு மாசமே ஆன பொருளுக்கு மூணு வருஷம் முடிஞ்சு போச்சாம்!!!

வாரண்டி அட்டையைப் பூதக்கண்ணாடி வெச்சுப் படிச்சா எல்லாம் தெளிவா போட்டிருக்கான். புதியதோ புதுப்பிக்கப்பட்டதோ தருவோம். மிச்சமிருக்கற வாரண்டி அல்லது 90 நாள், எது அதிகமோ அது. தெருவுல ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் விக்கறவர்கூட புதுப் பழம்தான் தருவார், இன்னொருத்தர் கடிச்சுத் துப்பினதைக் கழுவித் தரமாட்டார் :-)

நம்ம சட்டம் இதுல என்ன சொல்லுது? 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தோட 14-வது பிரிவும் சரி, அதுக்குப் பதிலா வந்த 2019 சட்டத்தோட 39-வது பிரிவும் சரி, பொருளை மாத்தித் தரச் சொல்லி உத்தரவு போடறதா இருந்தா 'அதே மாதிரியான, குறையில்லாத, புதிய' பொருளைத் தரச் சொல்லலாம்னுதான் சொல்லுது. ஆனா அது வழக்கு போட்டு ஜெயிச்சவனுக்கு. கவுண்டர்ல நிக்கறவனுக்கு அட்டையில இருக்கற பொடி எழுத்துதான் சட்டம். பழசைப் புதுசுன்னு பொய் சொல்றது நியாயமற்ற வணிக நடைமுறைன்னும் சட்டத்துல இருக்கு. அதனாலதான் பொய்யே சொல்லாம 'அல்லது'ன்னு ஒரு வார்த்தையைப் போட்டுத் தப்பிச்சுக்கறாங்க. என்னா மூளை!

ஆபீஸ் நண்பர் ஒருத்தர் கேட்டார்: "மாத்தறப்பல்லாம் புது வாரண்டி குடுத்தா அனுமார் வால் மாதிரி நீண்டுக்கிட்டே போகாதா?" போகும். மாத்திக் குடுக்கறது ஒவ்வொண்ணும் செத்துக்கிட்டே இருந்தா மட்டும்! அது யார் தப்பு? புதுசுக்கு நிகரா டெஸ்ட் பண்ணியிருக்கோம்னு அவங்களே சொல்றாங்க. சரி, அப்ப புதுசுக்குக் குடுத்த நம்பிக்கையில பாதியாவது இதுக்குக் குடுக்கலாமே? 31 மாசம் பயன்படுத்திட்டு மறுபடி முழுசா மூணு வருஷம் கேக்கறது கொஞ்சம் ஓவர்னா, ஒரு வருஷம் குடுங்க. ரிப்பேர்ல கிடந்த 19 நாளையாவது சேருங்க.

நடக்காத காரியமெல்லாம் இல்லை. சீனாவுல 1995-ல கொண்டுவந்த 'சன்பாவ்' விதிகள்படி, பொருளை மாத்தினா வாரண்டி மாத்தின தேதியிலேர்ந்து புதுசா தொடங்கும். ரிப்பேர்ல கிடந்த நாளும் கணக்குல சேராது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல ஒரு உத்தரவு போட்டுது: வாடிக்கையாளர் ரிப்பேரைத் தேர்ந்தெடுத்தா சட்டப்படியான உத்தரவாதம் ஒரு வருஷம் நீளணும், 2026 ஜூலை 31 முதல் அமல். அமெரிக்காவுல ஆப்பிள்கேர் திட்டத்துல புதுசுக்கு நிகரானதைத் தராம, புதுப்பிச்ச பொருளைத் தந்தாங்கன்னு வழக்கு. தப்பை ஒத்துக்காமலே ஆப்பிள் 2021-ல 9.5 கோடி டாலருக்கு சமரசம் பண்ணிக்கிட்டாங்க. நாம? "கம்பெனி பாலிசி சார்"னா தலையாட்டிட்டு பைக்கை ஸ்டார்ட் பண்றோம்.

நான் புதுப்பிச்ச பொருளுக்கே எதிரி இல்லை. குப்பை குறையுதே, நல்லதுதான். கம்மி விலை போட்டு, சொல்லி வில்லுங்க, நானே வாங்கறேன். முழு விலை வாங்கிட்டு இதைத் தராதீங்கன்னுதான் சொல்றேன். இன்னொரு வயித்தெரிச்சல்: ஓடாத டிஸ்க்கை அழிக்க முடியாது. என் பழைய டிஸ்க், உள்ளே என் குடும்ப போட்டோக்களோட, இப்ப எந்த ஊர்ல யாருக்கு 'ரீசர்ட்டிஃபைட்' ஆகப் போகுதோ!

பில்லோட ஜாப் ஷீட்டையும் பத்திரமா வெச்சுக்குங்க மக்கா. ரெண்டுல இருக்கற சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்துக்குங்க. முதல்ல 1915-க்கு போன். அதுல நடக்கலைன்னா மாவட்ட ஆணையம். நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, பிரச்சினை வந்த நாள்லேர்ந்து 2 வருஷத்துக்குள்ள போடணும்.

டிஸ்கி: 1915-ல பதிஞ்சாச்சு. 'உங்கள் புகார் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது'ன்னு எஸ்எம்எஸ் வந்திருக்கு. நிறுவனத்துக்கிட்டேர்ந்து இன்னும் ஒரு வார்த்தை வரலை. மனு எழுத ஆரம்பிச்சுட்டேன்.