'எவர்' என்னும் ஆங்கில வினையடையும் 'உண்டு' என்னும் தமிழ் முடிபும்

காலத்தையும் நிகழ்வின் அளவையும் ஒருங்கே சுட்டும் ஆங்கில வினையடை 'எவர்'. (தமிழெழுத்தில் எழுதுங்கால் நம் வினாப்பெயரோடு அது மயங்குவது ஒரு வேடிக்கை.) அதற்கு 'எப்போதாவது' என்பதையே நிகராகக் கொள்ளும் பழக்கம் மொழிபெயர்ப்பில் வேரூன்றியுள்ளது. அப்பழக்கம் மறுபரிசீலனைக்குரியது.

'எவர்' வினா, எதிர்மறை, நிபந்தனை, ஒப்பீடு ஆகிய சூழல்களில் வரும். 'தஞ்சைக்குச் சென்றிருக்கிறேன்' போன்ற எளிய உடன்பாட்டில் வாராது. 'எப்போதாவது' அத்தகையதன்று. 'அவர் எப்போதாவது கவிதை எழுதுவார்' என்னும்போது அது 'அரிதாக' என்றே பொருள்படும். இதனை மறந்து, 'நான் எப்போதாவது படித்த நாவல்களுள் சிறந்தது' என்று மொழிபெயர்த்தால், அரிதாகப் படிக்கப்பட்ட நாவல்கள் என்னும் பொருளே முந்துறும். அங்கு வேண்டுவது 'இதுவரை'.

வினாவிலோ வினையடையே வேண்டுவதில்லை. 'கவிதை எழுதியதுண்டா?' என்ற வினாவுக்கு 'எழுதியதுண்டு', 'எழுதியதில்லை' என விடைகள் அதே அமைப்பில் எழும். ஆங்கிலம் உடன்பாட்டு விடையில் 'எவர்' என்பதைக் கைவிட நேர்கிறது; தமிழுக்கு அந்நெருக்கடி இல்லை. தொழிற்பெயரின் காலத்தை மாற்றி 'எழுதுவதுண்டு' என்றால் பட்டறிவு வழக்கமாகிவிடும். ஆங்கிலம் வினையடையில் வைப்பதைத் தமிழ் வினைமுடிபில் வைக்கிறது. 'எழுதியிருக்கிறீர்களா?' என்பதோ, கடிதம் எழுதி முடிந்ததா என்ற வினாவாகவும் நிற்கக்கூடும். ஆதலால் அதற்கு வினையடையின் துணை வேண்டியிருக்கிறது. 'எப்போதாவது எழுதியதுண்டா?' என இரண்டும் சேர்ந்து வருவதும் இயல்பே. ஆயின் அங்கு அது அழுத்தம் மட்டுமே.

எதிர்மறையில் சிக்கல் கூடுகிறது. முற்றும்மை சிலவிடத்து எச்சப்பொருளும் தரும் என்பது நன்னூலார் கண்டது. 'எப்போதும் வாங்குவதில்லை' என்னும் தொடர் 'ஒருமுறையும் இல்லை' எனவும், 'சிற்சில வேளைகளில் மட்டும் வாங்குவதுண்டு' எனவும் இருவகையாகப் பொருள்படுவது அதனாலேயே. நாவலில் இம்மயக்கத்தைச் சூழல் தீர்த்துவிடும். நீதிமன்றச் சாட்சியத்தில் அவ்வாறு விட்டுவிட இயலாது. 'இவரிடம் கடன் வாங்கியதுண்டா?' என்று கேட்கப்பட்ட ஒருவரின் மறுப்பை 'ஒருபோதும் வாங்கியதில்லை' என்று எழுதுவதற்கும் 'எப்போதும் வாங்குவதில்லை' என்று எழுதுவதற்கும் இடையில் அவருடைய வழக்கே அடங்கியிருக்கலாம். இருமொழி அகராதிகள் இவ்வினையடைக்கு நிகர்ச்சொற்களை அடுக்குவதோடு நில்லாமல், வினா, உடன்பாடு, எதிர்மறை எனத் தொடரமைப்புகளைப் பிரித்துக் காட்டுதல் வேண்டும். வினாவிற்கு முதலில் நிற்கவேண்டியது '-அதுண்டா' என்னும் முடிபு.