வலி தணிந்த பின்னும் விழித்திருப்போம்



இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடித்த பெரியவர் ஒருவர், மார்பின் போன்ற வலுவான வலிநிவாரணி ஊசிக்குப் பின் கண்ணயர்கிறார். "பாவம், தூங்கட்டும்" என்று விளக்கை அணைத்துவிட்டு நாமும் உறங்கிவிடுகிறோம். அன்பினால் செய்யும் இச்செயலில் ஆபத்து ஒன்று மறைந்திருக்கிறது.

மார்பின் வலியை அடக்குவதோடு, மூளையில் மூச்சை இயக்கும் பகுதியையும் மந்தப்படுத்தக்கூடியது. முதுமையில் சிறுநீரகத்தின் திறன் குறைவதால் அதன் விளைவு நெடுநேரம் நீடிக்கும். மூச்சு தளர்வதற்கு முன் பெரும்பாலும் மயக்கமே மிகும். ஆகவே, அளவு மீறிய உறக்கத்தை ஓய்வென்று கருதாமல் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

பெயர் சொல்லி அழைத்தால் பதில் தருகிறாரா? பேசும்போதே உறங்கிப் போகிறாரா? நிமிடத்திற்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார்? வழக்கமாக 12 முதல் 20 வரை இருக்கும். அது 10-க்குக் கீழே இறங்கினாலோ, குறட்டை இடையிடையே அறுபட்டாலோ உடனே செவிலியரை அழைப்போம். நலாக்சோன் என்னும் முறிமருந்து உண்டு. காலத்தோடு கொடுத்தால் உயிரைக் காக்கும்.

வீட்டில் வழக்கமாக உண்ணும் தூக்க மாத்திரையை நாமாகவே கொடுத்தல் கூடாது. இவ்விரு வகை மருந்துகளும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகவும் கூடும்.

பஜ்ரு நேரத்தில் எழுந்து பழகிய பெரியவர்கள், ஒளுச் செய்யத் தனியே குளியலறைக்கு நடக்க முற்படுவர். மருந்தின் தலைச்சுற்றலில் விழுந்தால் மீண்டும் எலும்பு முறியும். இயலாதவர் படுத்தபடியே தொழலாம் என்பதையும், நீர் தீங்கு தருமெனில் தயம்மும் போதும் என்பதையும் முந்தைய மாலையே அவருக்கு எடுத்துரைப்போம்.

வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது நம் கருத்தன்று. வலி மிகுந்தால் ஆழ்ந்து மூச்செடுக்கவோ இருமவோ இயலாது. சளி தேங்கி நுரையீரல் கெடும். மருந்து தேவையே. அதனோடு காவலும் தேவை.

"அது மருத்துவமனையின் வேலை" என்பர் சிலர். ஆம், அவர்களுடைய பொறுப்புதான். எனினும் ஒரு செவிலியர் பல கட்டில்களைக் கவனிக்கிறார். கட்டிலருகே இருப்பவர் நாம். பகலில் இருபது பேர் நலம் விசாரிக்க வந்தும், இரவில் ஒருவரும் விழித்திராத நிலை நம் குடும்பங்களில் மாற வேண்டும். வருவோருள் இருவர் முறைவைத்து இரவில் விழித்திருப்பதே அந்தப் பெரியவருக்கு நாம் செய்யும் மெய்யான நலவிசாரிப்பு.