பாடம் போனில்... போன் அப்பா சட்டைப் பையில்!

ரங்கநாதன் தெருவில் ஷட்டர் இறங்க இரவு 10 மணி ஆகிவிடும். துணிக்கடை, பாத்திரக்கடை ஊழியர்கள் அப்புறம்தான் மாம்பலம் ரெயில் நிலையத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் ஓட்டமும் நடையுமாகக் கிளம்புவார்கள்.

வீட்டில் 10-ம் வகுப்புப் பிள்ளை அதுவரை கண் விழித்துக் காத்திருக்கும். அப்பாவுக்காக அல்ல. அப்பா சட்டைப் பையில் இருக்கும் போனுக்காக!

அறிவியல் பரீட்சைக்கு ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டிய வீடியோ பாடம் அந்தப் போனில்தான் வரும். வீட்டுக்கு ஒரே ஒரு ஸ்மார்ட் போன் வைத்திருக்கும் சம்பளக்காரக் குடும்பங்கள் தியாகராய நகரைச் சுற்றி இன்றும் ஏராளம். அந்தப் போன் காலையில் அப்பாவோடு கடைக்குப் போகிறது. இரவு திரும்பி வரும்போது சார்ஜும் இருக்காது, அன்றைய டேட்டாவும் இருக்காது.

இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. "பசங்க எப்பப் பார்த்தாலும் போனும் கையுமா இருக்குதுங்க" என்று புலம்புவோர்தான் அதிகம்.

முறைக்காத வாத்தியார்

"எங்க காலத்துல போனா இருந்துச்சு? நாங்க படிக்கலையா?" என்று டீக்கடை பெஞ்சில் கேட்பார்கள். அவர்கள் காலத்திலும் அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை செயற்கைக்கோள் மூலம் 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் நிகழ்ச்சி அனுப்பினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடமும் அதில் உண்டு. தமிழ்நாட்டுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. 1984-ல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் கல்லூரிப் பாடம் நடத்தத் தொடங்கியது. அது இங்கிலீஷில் வந்தது. சாதாரண வீடுகளில் எத்தனை பேருக்குப் புரிந்தது என்பது வேறு கதை!

டெலிவிஷனில் ஓடிய பாடம் ஓடியதுதான். போனில் நிறுத்தலாம், பின்னால் தள்ளலாம், பத்துத் தடவை கேட்கலாம். வகுப்பில் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டால் வாத்தியார் முறைப்பார். போன் முறைக்காது. கடைசி பெஞ்சு மாணவனுக்கு இது சாதாரண விஷயமா?

அமெரிக்காவில் சல்மான் கான் என்பவர் (நடிகர் அல்ல!) 2004-ல் தூரத்து ஊரில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். 2006-ல் பாடங்களை யூடியூபில் போட்டார். இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். காசு கிடையாது.

நம்மூரும் பின்தங்கவில்லை. 2019 ஆகஸ்டு 26-ந்தேதி கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில்தான் விழா. தி.நகரிலிருந்து ஒரு பஸ் தூரம். அதே வருடம் வந்த புதிய 10-ம் வகுப்புப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் கறுப்புக் கட்டம் அச்சிட்டார்கள். போனைக் காட்டினால் பாடம் படமாக வரும். 2023 ஜூலையில் 'மணற்கேணி' என்ற செயலியும் வந்தது. 6 முதல் 12-ம் வகுப்பு வரை வீடியோ பாடம், இலவசம். திருக்குறளிலிருந்து எடுத்த பெயர்.

பாடம் தயார். பார்ப்பதற்குப் போன்?

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது இந்தக் கேள்வி முகத்தில் அறைந்தது. அந்த வருடம் 10-ம் வகுப்புப் பொதுத்தேர்வே ரத்து. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜி.பி. இலவச டேட்டா கொடுத்தார்கள். நல்ல காரியம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அந்தத் திட்டத்தில் இடம் இல்லை.

பார்த்தால் வந்துவிடுமா?

சரி, போன் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இங்கேதான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். பையன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான், படித்துவிட்டான் என்று நினைக்கிறார்கள். பையனும் அப்படித்தான் நினைக்கிறான்.

மெண்டல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டாணிச் செடி, இருபண்புக் கலப்பு. வீடியோவில் 16 கட்டங்களும் டக் டக்கென்று நிரம்பும். 9:3:3:1 என்று கடைசியில் விகிதம் மின்னும். பையன் தலையை ஆட்டுவான். "புரிஞ்சுதாடா?" "புரிஞ்சுதுப்பா." வெள்ளைத் தாளைக் கொடுத்து 16 கட்டத்தையும் நீயே நிரப்பு என்று சொல்லிப் பாருங்கள். நாலாவது கட்டத்தில் பேனா நின்றுவிடும்!

பரீட்சை ஹாலில் வீடியோ ஓடாது. அறிவியல் எழுத்துத் தேர்வு 75 மார்க், 3 மணி நேரம். 1 மார்க் கேள்வி 12. மிச்சம் 63 மார்க்குக்குக் கை வலிக்க எழுதியாக வேண்டும். 7 மார்க் கேள்வி மட்டும் மூன்று. பாஸ் செய்ய எழுத்துத் தேர்வில் 20, செய்முறையில் 15 கட்டாயம்.

இதை அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 2006-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்குச் சின்னப் பாடங்கள் கொடுத்தார்கள். ஒரு பாடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள். இன்னொன்றை ஒரு தடவை மட்டும் படித்து, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு தடவை படித்ததுதான் நன்றாக நினைவிருந்தது. ஒரு வாரம் போனதும் கதை தலைகீழ்! மூடி வைத்து எழுதியதில் 56 சதவீதம் நினைவிருந்தது. இரண்டு தடவை படித்ததில் 42 சதவீதம்தான்.

புத்தகத்துக்கே இந்தக் கதி என்றால் வீடியோவுக்குக் கேட்க வேண்டுமா?

அதற்காக வீடியோவே வேண்டாம் என்பது பேத்தல். இதயத்தில் ரத்தம் எந்த வழியாக நுழைந்து எந்த வழியாக வெளியேறுகிறது என்பதைப் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட ஓடும் படத்தில் 3 நிமிடம் பார்ப்பது மேல். லென்சில் ஒளி வளைவதும் அப்படியே. ஓடுகிற, வளைகிற, துடிக்கிற விஷயத்துக்குத்தான் வீடியோ. ஓம் விதிக் கணக்குக்கும் சமன்பாட்டுக்கும் நோட்டும் பேனாவும்தான்.

ஒரே போன் உள்ள வீட்டில் இன்னொரு வழி இருக்கிறது. பகலெல்லாம் புத்தகத்தை வைத்துப் படித்து, புரியாததை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைக்க வேண்டும். இரவு போன் வந்ததும் அந்த மூன்று சந்தேகத்தை மட்டும் பார்த்தால் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். போனைக் கையில் எடுத்த பிறகு என்ன பார்ப்பது என்று தேடினால் கிரிக்கெட்டில்தான் போய் நிற்கும்.

சொல் மாறினால் மார்க் போச்சு

தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லை. வீடியோவில் பேசுபவர் "ரெசிஸ்டன்ஸ்" என்கிறார். புத்தகத்தில் மின்தடை. "ரிஃப்ராக்ஷன்" என்கிறார். புத்தகத்தில் ஒளிவிலகல். "சொலூட், சால்வெண்ட்" என்கிறார். புத்தகத்தில் கரைபொருள், கரைப்பான். கேட்டுப் பழகிய சொல் ஒன்று, எழுத வேண்டிய சொல் வேறொன்று. கரைபொருளையும் கரைப்பானையும் மாற்றிப் போட்டுவிட்டால் 2 மார்க் காலி.

சி.பி.எஸ்.இ. வீடியோவைப் பார்த்துவிட்டு மாநிலப் பாடத்திட்டப் பரீட்சை எழுதப் போகிறவர்களும் உண்டு. பாடத்தின் பெயர் ஒன்றுபோல் இருக்கும், உள்ளே இருக்கும் சரக்கு வேறு. வீடியோ தொடங்கியதும் எந்தப் போர்டு, எந்த வருடத்துப் புத்தகம் என்று பார்ப்பது வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்குவது போலத்தான். நம் வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சென்டம்" வியாபாரம்

பரீட்சை நெருங்கினால் போதும், போனில் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக அறிவிப்பு! "இந்த 5 கேள்வி கண்டிப்பா வரும்!" "ஒரே ராத்திரியில் சென்டம்!" இது பாடம் அல்ல, லாட்டரிச் சீட்டு. தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை உண்டு, இதற்கு இல்லை.

இதற்கு அடுத்த படி போலீஸ் வரை போகிறது. 2022 பிப்ரவரியில் 10, 12-ம் வகுப்புத் திருப்புதல் தேர்வு வினாத்தாள்கள் முன்கூட்டியே சமூக வலைத்தளங்களில் உலா வந்தன. விசாரணை திருவண்ணாமலை மாவட்டத்துத் தனியார் பள்ளிகள் வரை போயிற்று. "கொஸ்டின் பேப்பர் இருக்கு, பணம் அனுப்பு" என்று யாராவது போனில் கேட்டால் அது மோசடி என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உங்கள் போனில்தான் பணம் அனுப்பும் செயலியும் இருக்கிறது என்பது ஞாபகம் இருக்கட்டும்!

சாவி யாரிடம்?

இனி விஷயத்துக்கு வருவோம். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் 'ஹைடெக் லேப்' என்று கம்ப்யூட்டர் அறைகள் அமைத்திருக்கிறார்கள். இன்டர்நெட்டும் உண்டு. மாலையில் சிறப்பு வகுப்பு முடிந்ததும் பூட்டு. போன் இல்லாத பிள்ளை வீட்டில் போனுக்குக் காத்திருக்கும் அதே நேரத்தில் அத்தனை கம்ப்யூட்டரும் இருட்டில் தூங்குகின்றன. என்ன நியாயம் இது?

ஜனவரி முதல் பரீட்சை முடியும் வரை இரவு 8 மணி வரையாவது திறந்து வைக்கலாம். ஒரு ஆசிரியர் முறை வைத்து உட்காரட்டும், அதற்குப் படி கொடுக்கட்டும். ஒரு வாட்ச்மேன் போதும். பெண் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தில் பள்ளித் தெருவில் ஒரு ரோந்து வண்டி. பண்டிகைக் கூட்டத்துக்கு உஸ்மான் ரோட்டில் நிற்கிற போலீசுக்கு இது முடியாத காரியமா?

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையத்துக்கு 570 மீட்டர் ஆகாய நடைபாதையை ரூ.28 கோடிக்கு மேல் செலவில் கட்டி 2023 மே மாதம் திறந்தார்கள். நல்ல வசதி, குறை சொல்வதற்கில்லை. கொளத்தூரில் 2024 நவம்பரில் 'முதல்வர் படைப்பகம்' திறந்தார்கள். படிக்க வருகிறவர்களுக்கு அங்கே தனி இடமே ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே முடிந்தது மற்ற பேட்டைகளில் முடியாதா?

கடை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நள்ளிரவு வரை நின்று வியாபாரம் செய்து கொடுத்த ஊழியரின் பிள்ளை பொதுத்தேர்வு எழுதுகிறது. அந்த இரண்டு வாரம் மட்டும் அவரை ஒரு மணி நேரம் முன்னதாக அனுப்புங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் ராத்திரி 9 மணிக்கு மேல் எத்தனை புடவை விற்றுவிடும்?

திருப்புதல் தேர்வுகள் ஜனவரியில் தொடங்கிவிடும். மாநகராட்சிப் பள்ளிகளுக்கு மாநகராட்சிக் கல்வித்துறையும், அரசுப் பள்ளிகளுக்குப் பள்ளிக் கல்வித்துறையும் உத்தரவு போட வேண்டும். தலைமை ஆசிரியர் தானாக அறையைத் திறந்து வைத்தால் கரண்ட் பில்லுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே உத்தரவு எழுத்தில் வர வேண்டும், டிசம்பருக்குள் வர வேண்டும்.